பாண்டி தூக்கி நிறுத்திய இம்பாலா

நான் ஷார்ஜாவுக்குப் போனது ரப்பர் வளையம் கொடுப்பதற்கு. சொன்னால் யாரும் நம்புவதில்லை. உயரமான கட்டடத்தில் ஏறினாயா, ஒட்டகத்தில் ஏறினாயா என்றுதான் கேட்கிறார்கள். கோவையில் எனக்கு ஹைட்ராலிக் சீல் விற்கிற கடை ஒன்று இருக்கிறது. தம்பி செந்தில் ஷார்ஜா தொழிற்பேட்டையில் கராஜ் நடத்துகிறான். நம் ஊர்ச் சரக்குதான் வேண்டும் என்று ஆறு மாதமாக உயிரை எடுத்துக்கொண்டிருந்தான். சரி, நானே கொண்டுவருகிறேன், உன் முகத்தையும் பார்த்த மாதிரி இருக்கும் என்று ஒரு செவ்வாய்க்கிழமை போய் இறங்கிவிட்டேன்.

பெட்டியில் துணி கால் பங்கு, மிச்சமெல்லாம் வளையம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறக்கச் சொன்ன அதிகாரி ஒன்றை எடுத்து விரலில் மாட்டிப் பார்த்து, வளையலா என்றார். ஆமாம், லாரிக்குப் போடுகிற வளையல் என்றேன். சிரிக்காமல் மூடச் சொல்லிவிட்டார்.

வெளியே செந்தில் பிக்கப்போடு நின்றான். "ஏனுங்க்கா, பொட்டி இந்தக் கனம் கனக்குது. கல்லையா அள்ளீட்டு வந்தீங்க?" என்றான். வண்டியில் ஏசி வேலை செய்யவில்லை. ஊரிலுள்ள வண்டிகளையெல்லாம் சரிபண்ணுகிறவன் தன் வண்டியை மட்டும் பார்ப்பதில்லை. ஒரு மலையாளி கடையில் நிறுத்தி, பொரோட்டாவும் ஏலக்காய் மணக்கிற தேநீரும் வாங்கிக் கொடுத்து என் வாயை அடைத்தான்.

புதன்கிழமை காலை கராஜுக்குப் போனேன். தொழிற்பேட்டையில் தெருவுக்குத் தெரு ஒரு சத்தம்: ஒன்றில் வெல்டிங், ஒன்றில் டிங்கரிங், ஒன்றில் டயர். எல்லாத் தெருவுக்கும் பொதுவான சத்தம் 'ஜல்தி, ஜல்தி'. என் தம்பி போனைக் காதில் வைத்துக்கொண்டு, "பாயி, இன்னைக்கு மாஃபி டைம், நாளைக்கு டெலிவரி, கலாஸ், டென்ஷன் மத் லோ" என்று ஒரே மூச்சில் பேசினான். இன்றைக்கு நேரமில்லை, நாளைக்கு முடிந்துவிடும், கவலைப்படாதே என்று சொல்ல ஒரு வாக்கியத்தில் நாலு நாடு. நான் சிரித்ததும் வெட்கப்பட்டு, "இங்க இப்படித்தானுங்க்கா" என்றான்.

உள்ளே நடுநாயகமாக ஒரு கார் நின்றது. அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார், இம்பாலா. ஒரு பஸ்ஸின் பாதி நீளம், கத்திரிப்பூ நிறம். பின்மூடியில் யாரோ கையால் ரோஜாக்கள் வரைந்திருந்தார்கள். அதன் பக்கத்தில், குழந்தை முதல் பரிசு வாங்கிய தகப்பன் மாதிரி பாண்டி நின்றிருந்தார். செந்திலின் தலைமை மெக்கானிக், ராமநாதபுரம் பக்கம், இங்கே வந்து பதினோரு வருஷம்.

"வாங்கக்கா, இதப் பாருங்க. வந்தப்ப வயிறு தரையில ஒரசிக்கிட்டுக் கெடந்துச்சு. பாவம், வயசான வண்டி. நாலு ஸ்பிரிங்கையும் எவனோ கூறுகெட்டவன் வெட்டி வச்சிருக்கான். அதத் தூக்கிப் போட்டுட்டு, நம்மகிட்ட சும்மா கெடந்தத மாட்டிவிட்டேன். இப்ப பாருங்க, எப்படி கெத்தா நிக்குதுன்னு!"

"வண்டிக்காரர் கேட்டாரா?"

"கேக்கலக்கா. பிரேக்கும் ரேடியேட்டரும்தான் பாக்கச் சொன்னாரு. நாமளா செஞ்சு குடுத்தா சந்தோசப்படுவாருல்ல?"

எனக்குப் பெருமையாக இருந்தது. கேட்காமலே நல்லது செய்கிற மனசு எத்தனை பேருக்கு வரும் என்று செந்திலிடம் சொல்லவும் செய்தேன்.

அரை மணி நேரத்தில் வண்டிக்காரர் வந்தார். ஐம்பது வயது, அடர்ந்த மீசை, கத்தி மடிப்பு வைத்துத் தேய்த்த காக்கிப் பேன்ட். பெயர் ரூபன். பெயரை மட்டும் போனில் கேட்டு யாழ்ப்பாணத்துக்காரர் என்று செந்தில் நினைத்திருந்தானாம். நேரில் பார்த்தால் எனக்கு அரபி மாதிரி தெரிந்தார், இன்னொரு கோணத்தில் பஞ்சாபி மாதிரி. அவர் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குனிந்து சக்கரத்துக்கு மேலே இருந்த இடைவெளியைப் பார்த்தார். பிறகு பக்கத்தில் கிடந்த டயர் மேல் உட்கார்ந்துவிட்டார்.

"அந்த ஸ்பிரிங் எல்லாம் எங்கே?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் பாண்டிக்குச் சொன்னேன்.

"நேத்தே ஸ்கிராப் வண்டிக்காரன் அள்ளிட்டுப் போயிட்டானே" என்றார் பாண்டி, சிரித்த முகம் மாறாமல்.

அதை ரூபனுக்குச் சொல்ல வேண்டிய பாவம் எனக்கு வாய்த்தது. அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் எங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அந்த ஸ்பிரிங்குகளை வெட்டிய கூறுகெட்டவன் அவருடைய அப்பா. லாஸ் ஏஞ்சலஸில் வீட்டுப் பின்புறத்தில் உட்கார்ந்து, கார் தரையோடு தரையாகப் போகவேண்டும் என்றே வெட்டினாராம். அவர்கள் ஜனங்களிடம் அது ஒரு வழக்கம். காரை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, பளபளவென்று துடைத்து, ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தை ஏற்றிக்கொண்டு, எவ்வளவு மெதுவாக ஓட்ட முடியுமோ அவ்வளவு மெதுவாக ஓட்டுவார்கள். வருகிற சனிக்கிழமை ரூபனின் மகள் மரிசோலுக்குப் பதினைந்து வயது நிறைகிறது. பதினைந்து நிறைவது அவர்கள் வீட்டில் பெரிய விசேஷம். நம் மஞ்சள் நீராட்டு மாதிரி மண்டபம், சீர், சொந்தபந்தம் எல்லாம் உண்டு. அன்றைக்கு அவளை இந்தக் காரில் அழைத்துப்போவதாகத் தாத்தா சின்ன வயதிலிருந்தே சொல்லி வைத்திருந்தார். போன வருஷம் அவர் தவறிவிட்டார். ரூபன் வேலை பார்ப்பது அஜ்மானில் ஒரு பள்ளிக்கூடத்தில், கணக்கு வாத்தியார். பேச்சைக் காப்பாற்றுவதற்காகக் காரைக் கப்பலில் வரவழைத்திருக்கிறார்.

பாண்டி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வெட்டுனதே வேணும்னுதானாக்கா?" என்றார்.

வியாழக்கிழமை காலை ஸ்கிராப் கடையைத் தேடி அஜ்மானுக்குக் கிளம்பினோம், செந்தில், நான், பள்ளிக்கு லீவு போட்ட ரூபன். பாதி வழியில், நெரிசலுக்கு நடுவே, செந்திலின் பிக்கப் புகை விட்டுக்கொண்டு நின்றது. மெக்கானிக்கின் வண்டியை வாடிக்கையாளர் இறங்கித் தள்ளுகிற கண்கொள்ளாக் காட்சியை அஜ்மான் சாலையில் போன அத்தனை பேரும் பார்த்தார்கள். எனக்கு வந்த கோபத்தில், "உன் கராஜ் போர்டைக் கழற்றி இந்த வண்டியில் மாட்டு, ஊரே வந்து சேரும்" என்றேன். ரூபனுக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அக்கா தம்பியைத் திட்டுவது எந்த மொழியிலும் புரியும் போலிருக்கிறது, முதல் தடவையாகச் சிரித்தார்.

ஒருவழியாக வண்டி கிளம்பிப் போய்ச் சேர்ந்தால், ஸ்கிராப் கடையில் பாகிஸ்தான் பட்டாணியர் ஒருவர் எங்களைப் பார்த்துக் கையை விரித்தார். செவ்வாய்க்கிழமை வந்த இரும்பெல்லாம் நேற்றே கண்டெய்னரில் ஏறிவிட்டது. இனி அது இன்னொரு நாட்டில் உருகும். ரூபன், தன் வீடு அங்கிருந்து பக்கம்தான் என்று எங்களைச் சாப்பிடக் கூப்பிட்டார். அவருக்கு இவ்வளவு கெடுதல் செய்துவிட்டு அவர் வீட்டிலேயே சாப்பிடுவதா என்று எனக்குக் கூச்சமாக இருந்தது. பசியும் இருந்தது.

அவர் மனைவி செவிலியர், டியூட்டிக்குப் போயிருந்தார். ரூபனே இரும்புக் கல்லைக் காயவைத்து மைதா ரொட்டி சுட்டார். தக்காளியையும் மிளகாயையும் சுட்டு, மூன்று கால் வைத்த ஒரு கருங்கல் உரலில் இடித்துச் சட்னி செய்தார். அந்த உரலை நம் ஊர்ச் சந்தையில் வைத்தால் யாரும் வெளிநாட்டுச் சாமான் என்று சொல்லமாட்டார்கள். அவர் அம்மாவின் உரல் அது, பெட்டியில் வைத்து எடுத்து வந்தாராம். அவர் பெட்டியையும் ஒரு அதிகாரி திறந்து பார்த்து மண்டையைச் சொறிந்திருப்பார். மசித்த பயறோடு ஆறு ரொட்டி சாப்பிட்டேன், எண்ணியது செந்தில்.

"நீங்கள் மெக்சிகோக்காரரா, அமெரிக்கரா?" என்று கேட்டேன்.

"சிகானோ" என்றார். அமெரிக்காவிலேயே பிறந்த மெக்சிகோ வழிக்காரர்களை ஒரு காலத்தில் இளக்காரமாகச் சொன்ன வார்த்தையாம். அவர் அப்பாவின் தலைமுறைப் பிள்ளைகள், ஆமாம், நாங்கள் அதுதான், இப்போது என்ன என்று அதையே எடுத்து நெஞ்சில் குத்திக்கொண்டார்கள். பள்ளியில் ஸ்பானிஷ் பேசியதற்கு அவர் அப்பா அடி வாங்கியவர். என் பிள்ளையாவது அடி வாங்கக் கூடாது என்று வீட்டில் ரூபனுக்கு அதை ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கவில்லை. அதனால் மெக்சிகோவுக்குப் போனால் பெரியப்பா பிள்ளைகள் அவர் ஸ்பானிஷைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். "எங்க ஊர்ல தெருப் பேரு பாதி எங்க பாஷைதான். அந்தத் தெருவுலயே நின்னுக்கிட்டு, நீ எந்த ஊருன்னு என்னைக் கேட்பாங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் ரொட்டியைச் சக பையன்கள் கண்ணில் படாமல் மேசைக்கடியில் வைத்துச் சாப்பிட்டாராம். இன்றைக்கு அதே ஊரில் அந்தப் பையன்கள் அதே ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறார்கள்.

அவர் வீட்டில் ஒரு வாக்கியம் வாசலில் ஆங்கிலத்தில் தொடங்கிச் சமையலறையில் ஸ்பானிஷில் முடியும் என்று சொன்னபோது செந்தில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "அதைக் கொறைன்னு நெனைக்க மாட்டீங்களா?" என்று கேட்டான். "ஏன் நினைக்கணும்? ரெண்டும் என்னுது" என்றார் ரூபன்.

காரை ஏன் மெதுவாக ஓட்டுகிறீர்கள் என்று நான் கேட்டேன். "எங்க அப்பாவோட ஆளுங்களைச் சில இடத்துல உள்ள விடமாட்டாங்க. உள்ள விடலைன்னா என்ன, நடுத்தெரு எங்களுக்கும் சொந்தம்தானே? வேகமாப் போனா யாரு பார்ப்பா? மெதுவாப் போனா பார்த்துத்தான் ஆகணும்."

இந்த ஊரில் மூன்று நாளாக நான் பார்த்த நம் ஆட்கள் எல்லாரும் சுவரோரமாக, வேகமாக, யார் கண்ணிலும் படாமல்தான் நடக்கிறார்கள். பளபளக்கிற கடைகளுக்குள் நானும் அப்படித்தான் நடந்தேன்.

அப்போது மரிசோல் பள்ளியிலிருந்து வந்தாள். அப்பா போனில் அனுப்பிய காரின் படத்தை ஏற்கெனவே பார்த்திருந்தாள். "அது தாத்தா கார் இல்ல. ஸ்கூல் பஸ். அதுல நான் ஏறமாட்டேன், டாக்ஸில போறேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். நாலு வயதிலிருந்து அஜ்மானில் வளர்கிறவள். வகுப்பில் அரபியா, பிலிப்பினோவா, இந்தியாவா என்று தினமும் யாராவது கேட்பார்களாம். தாத்தா இருந்தவரை, நாம் யார் என்று போனில் சொல்ல ஆள் இருந்தது என்றார் ரூபன். இந்தக் காரும் போய்விட்டால் அவளிடம் எதைக் காட்டிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது செந்திலிடம் சொன்னேன், "சனிக்கிழமை அந்தப் பிள்ளை அந்தக் காரில் போகணும். இல்லாவிட்டால் நான் வளையத்தை எல்லாம் எண்ணி எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விடுவேன்."

வெள்ளிக்கிழமை நான் கராஜுக்குப் போனபோது பாண்டி முந்திக்கொண்டிருந்தார். அந்த வண்டிக்குப் பொருந்துகிற பழைய ஸ்பிரிங் நாலு, எங்கெங்கோ அலைந்து வாங்கி, துடைத்து வரிசையாக வைத்திருந்தார். நாலுதான் கிடைத்தது. கூடுதலாக வெட்டிவிட்டால் ஒட்டவைக்க முடியாது. "கேஸ் வச்சு வெட்டக் கூடாதுக்கா. சூடு பட்டா இரும்பு செத்துப்போகும். கட்டிங் வீல்தான். கொஞ்சங் கொஞ்சமா எடுப்போம்" என்றார்.

தொழுகை முடிகிற நேரத்தில் ரூபன் வந்தார், கூட மரிசோல். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, கையில் போனோடு. ஆனால் போனில் இருந்தது ஒரு படம்: தாத்தா காரில் சாய்ந்து நிற்கிறார், தோளில் குட்டி மரிசோல். பின்சக்கரத்தின் மேல்பாதி கார் உடம்புக்குள் மறைந்திருக்கிறது. பாண்டி கையைத் துணியில் துடைத்துக்கொண்டு படத்தைப் பெரிதாக்கி வெகுநேரம் பார்த்தார்.

"இவருதான் வெட்டுனவரா? தேர்ந்த கைகாரருக்கா. இவரப் போயி நான் கூறுகெட்டவன்னு சொல்லிட்டேனே" என்றார். நான் கூறுகெட்டவனை விட்டுவிட்டு மிச்சத்தை மொழிபெயர்த்தேன்.

முதலில் ஒவ்வொரு ஸ்பிரிங்கிலும் அரைச் சுற்று வெட்டி மாட்டினார்கள். காலியாக நிற்கிற காரை வைத்து அளவு சொல்ல முடியாது, ஆள் ஏறினால்தான் எவ்வளவு இறங்கும் என்று தெரியும். எனவே பக்கத்து ரூமிலிருந்து விடுமுறைத் தூக்கத்தில் இருந்த நாலு பேரை எழுப்பிக்கொண்டு வந்து உட்காரவைத்தார் பாண்டி. லுங்கியோடு நாலு தமிழர்கள் அந்தக் காரில் கம்பீரமாக உட்கார்ந்தார்கள். மரிசோல் தரையில் முழங்காலிட்டு, ஒரு கண்ணை மூடிப் பார்த்து, இல்லை என்று தலையாட்டினாள். எல்லாரும் இறங்கி, ஜாக்கி வைத்து, கழற்றி, இன்னும் கொஞ்சம் வெட்டி, மறுபடி மாட்டி, நாலு பேரும் மறுபடி ஏறி, மறுபடி இல்லை. மூன்றாவது தடவை அவளே கட்டிங் வீல் வைக்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டாள். உர்ரென்ற முகம் எப்போது போனது என்று நான் கவனிக்கவில்லை. "ஜல்தி, ஜல்தி" என்று பழக்க தோஷத்தில் செந்தில் குரல் கொடுக்க, "நீங்க சும்மா இருங்கண்ணே" என்றார் பாண்டி. முதலாளியை அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

நாலாவது தடவை காரை இறக்கினார்கள். நாலு பேரும் ஏறினார்கள். கார் மெல்ல மூச்சு விட்டுக்கொண்டு தாழ்ந்தது. சக்கரத்தின் தலை உள்ளே மறைந்தது. மரிசோல் போனையும் காரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு எழுந்து போய், முழங்கை வரை கிரீஸ் அப்பியிருந்த பாண்டியைக் கட்டிக்கொண்டு, "கிராசியாஸ், டீயோ" என்றாள். நன்றி, மாமா என்று அர்த்தமாம். பாண்டி கைகளைத் தூக்கிக்கொண்டு, பிள்ளையின் சட்டையில் கறை படாமல் நின்றார். கண் கலங்கியது அவருக்கு மட்டுமில்லை.

ரூபன் காரின் சாவியை எடுத்துப் பாண்டியின் சட்டைப் பையில் போட்டார். அவர்கள் வீட்டில் அது ஒரு முறையாம். ஸ்பிரிங்கை வெட்டியவன்தான் முதல் தடவை ஓட்டவேண்டும். எங்கேயாவது தரை தட்டினால் அந்தச் சத்தம் அவன் காதில்தான் முதலில் விழவேண்டும். பாண்டி பதறினார். "ஐயோ, நானாக்கா? விசேசத்துக்கா? வேணாம்னு சொல்லுங்கக்கா அவருகிட்ட." நான் சொல்லவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் பாண்டி ரூபன் வீட்டிலிருந்து மண்டபம் வரை நடந்தே போய் வேகத்தடைகளை எண்ணிக்கொண்டு வந்திருந்தார். நேர்வழியில் ஏழு. கடற்கரைச் சாலையைச் சுற்றிப் போனால் கடைசியில் ஒன்றே ஒன்று, அதையும் கோணலாக ஏறினால் தட்டாது. சாலையில் ஓட்ட வேண்டிய அனுமதிக் கடிதங்களை ரூபன் முன்பே வாங்கி வைத்திருந்தார். பாண்டி, செந்திலின் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். தலையில் எண்ணெய், நெற்றியில் திருநீறு. என்னை முன்சீட்டில் உட்காரச் சொன்னார்கள், இரண்டு பக்கத்துக்கும் பேச்சைக் கடத்துகிற ஆள் நான்தானே.

அவள் அம்மா முன்பே மண்டபத்துக்குப் போய்விட, நாலு மணிக்கு மரிசோல் வந்தாள். மயில்கழுத்து நீலத்தில் பாவாடை, பின்சீட்டில் ரூபனுக்குக் கொஞ்சம்தான் இடம் விட்டது. ஏறுவதற்கு முன் பின்மூடி ரோஜாவை ஒரு தடவை கையால் தொட்டாள். பிறகு ஏறினாள். கார் அவள் எடைக்கு இன்னும் ஒரு விரல் தாழ்ந்தது. பாண்டி காதைத் தீட்டிக்கொண்டு கேட்டார். எங்கும் தட்டவில்லை.

கடற்கரைச் சாலையில் திரும்பினோம். மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர். இடது கைப்பக்கம் கடல், ஈச்ச மரங்கள், நடைபாதையில் மாலை உலாவுகிற குடும்பங்கள். பிள்ளைகள் கூடவே ஓடிவந்தார்கள். இரண்டு நிமிஷம் கூட ஆகவில்லை, பின்னாலிருந்து ஒரு பெரிய வெள்ளை வண்டி விளக்கை அடித்தது. பிறகு ஹார்ன். அதன் பின்னால் இன்னொரு ஹார்ன்.

பாண்டியின் கழுத்து வியர்த்துவிட்டது. பதினோரு வருஷமாக அந்தச் சத்தத்துக்கு ஒதுங்கியே பழகியவர். "அக்கா, அரபி வண்டிக்கா. லைட்டு அடிக்கிறான். ஓரங்கட்டி விட்டுரட்டுமா?"

நான் திரும்பி ரூபனிடம் சொன்னேன். அவர் மகளைப் பார்த்தார்.

மரிசோல் அத்தனை பாவாடையையும் சரசரவென்று தள்ளிக்கொண்டு முன்னால் சாய்ந்தாள். பாண்டியின் தோளில் கை வைத்தாள். "வேண்டாம், டீயோ. இன்னும் மெதுவா" என்றாள். இதை நான் மொழிபெயர்த்தேன், ஹார்ன் சத்தத்தில் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

பாண்டி முதுகை நிமிர்த்தி, காலை எடுத்தார். பத்து கிலோமீட்டர். வெள்ளை வண்டி சர்ரென்று பக்கத்துத் தடத்துக்கு வந்து எங்களுக்கு இணையாக ஓடியது. கண்ணாடி இறங்கியது. வெள்ளை உடை அணிந்த ஓர் இளைஞர் திட்டுவதற்கு வாயைத் திறந்தார். காரைப் பார்த்தார், ரோஜாவைப் பார்த்தார், நீலப் பாவாடையைப் பார்த்தார், திருநீறு பூசிய பாண்டியைப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்!" என்று கத்திவிட்டுப் போனைத் தூக்கிப் படம் பிடிக்க ஆரம்பித்தார். முந்திப் போகவே இல்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்களும் போகவில்லை. அஜ்மானில் அன்று மாலை அந்தச் சாலை முழுவதும் பாண்டி ஓட்டிய வேகத்தில்தான் போனது.